ஐந்து துண்டு சோபா, மூன்றாம் மாடியிலிருந்து டாசன் வரை

‘ஹால்ட்’ என்றால் ரயில் சற்று நின்று, ஆள் இறங்கியதும் கிளம்பிவிடும் சின்ன நிறுத்தம். தங்ளின் ஹால்ட்டுக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாக ஜோகூருக்குப் போன மலாயா ரயில் பாதை இந்தப் பேட்டையின் ஓரமாக ஓடியது. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. தண்டவாளம் இருந்த இடம் இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமான 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. ரயில் ஊழியர்கள் தண்டவாளத்தின் அருகே வைத்து வணங்கிய முனீஸ்வரர், இன்று காமன்வெல்த் டிரைவில் கோயில் கொண்டிருக்கிறார்.

1960களின் தொடக்கத்தில் வீவக இங்கே அடுக்குமாடிகளை எழுப்பியது. ஹொக்கியன் பேசியவர்கள் பத்து மாடிக் கட்டடங்களை ‘சாப் லாவ் சூ’ என்றார்கள். பத்து மாடி வீடு என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆர்க்கிட் வரிசை ஒரு வெள்ளி நோட்டின் பின்பக்கத்திலும் அந்தக் கட்டடங்கள் இடம்பெற்றன. நம் தாத்தா பாட்டிகள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்ட நோட்டு அது.

2014 ஜூனில் அறிவிப்பு வந்தது. எல்லாரும் ‘சர்ஸ்’ என்று சுருக்கிச் சொல்லும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் தங்ளின் ஹால்ட்டின் 31 புளோக்குகள் சேர்க்கப்பட்டன. மொத்தம் 3,480 வீடுகள். மாற்று வீடுகள் பக்கத்திலேயே டாசன், மார்கரெட் டிரைவ் பகுதியில் கிடைத்தன. ஒரே குவீன்ஸ்டவுனுக்குள் ஒரு நகர்வுதான். வரைபடத்தில் பார்த்தால் விரல் நுனி அளவு தூரம்.

அந்த 3,480 வீடுகளில் ஒன்று என் அத்தையுடையது. மூன்றாம் மாடி, மூவறை வீடு. வீட்டைக் காலி செய்வது என்றாலே நாம் நினைவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். வானொலியில் நானே அப்படி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அத்தை வீட்டில் கடைசி இரண்டு வாரமும் பேச்சு நினைவுகளைப் பற்றி இல்லை. சோபாவைப் பற்றி.

ஏன் இந்தச் சோபா?

ஐந்து துண்டுகளைச் சேர்த்தால் ‘எல்’ வடிவம் வரும் சோபா அது. இடக்கை வைத்த ஓர் இருக்கை, கையே இல்லாத ஓர் இருக்கை, மூலைத்துண்டு, மறுபடியும் கை இல்லாத ஒன்று, கடைசியில் வலக்கை வைத்த இருக்கை. புது வீட்டின் கூடம் பழையதைவிட ஒடுக்கம். நடுவில் பாதுகாப்பறைச் சுவர் வேறு துருத்திக்கொண்டு நிற்கும். 1998 முதல் கட்டப்பட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு அந்த அறையைத் தெரியும். ‘பாம் ஷெல்டர்’ என்போம். அதன் சுவரைத் தட்டி இடிக்க முடியாது, நகர்த்தவும் முடியாது. ‘எல்’ வடிவத்தை அங்கே போட்டால் அறையின் இரும்புக் கதவு திறக்காது.

அத்தை மகன் சொன்னதில் நியாயம் இருந்தது. “அம்மா, இத இங்கேயே விட்டுடலாம். புது வீட்டுக்குப் புதுசு வாங்கித் தரேன்.”

அத்தை மறுத்ததற்குக் காரணம் பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. மாமாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டும். அந்தச் சோபாவின் வலக்கை இருக்கையிலிருந்து மட்டும் தானாக எழுந்துவிடுவார். கை வைக்கும் பகுதி கெட்டி மரம். இருக்கையும் அவர் உயரத்துக்குப் பொருத்தம். கையை ஊன்றுவார், ஒரு மூச்சு விடுவார், எழுந்துவிடுவார்.

“புது சோபா எல்லாம் பள்ளமா இருக்கு. உக்காந்தா முழுகிடுறாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக என்னை எழுப்ப வேண்டாம்னு அவருக்கு இருக்குல்ல?” என்றார் அத்தை.

அதோடு பேச்சு முடிந்தது. சோபா வருகிறது. எத்தனை துண்டு வருகிறது என்பது மட்டும்தான் மிச்சம்.

துண்டு துண்டாகச் செய்த சோபாவின் அருமை வீடு மாறும்போதுதான் தெரியும். ஒற்றையாகச் செய்த சோபாவை எடுத்துப்போகலாம், இல்லையென்றால் விட்டுவிட்டுப் போகலாம். வேறு வழி கிடையாது. கழற்ற முடிந்தால் எது வேண்டும், எது வேண்டாம் என்று நாமே தீர்மானிக்கலாம்.

முதலில் அளவுநாடா

வீடு மாறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்புளியைத் தேடும் முன் அளவுநாடாவை எடுங்கள். புது வீட்டுக் கூடத்தின் அளவு மட்டும் போதாது. சோபா போகும் வழியில் மிக ஒடுக்கமான இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டு வாசல், இரும்புக் கேட், தாழ்வாரம், படிக்கட்டுத் திருப்பம், மின்தூக்கியின் கதவு, மின்தூக்கிக்குள் இருக்கும் உயரம், பிறகு புது வீட்டில் இதே வரிசை தலைகீழாக. இவற்றில் ஏதாவது ஒன்று சோபாவைவிடச் சிறியதாக இருந்தாலும் மற்ற எல்லாம் பெரிதாக இருந்து பயனில்லை.

சோபாவிலும் நீளத்தை மட்டும் அளந்தால் போதாது. கால்களைக் கழற்றிய பிறகு இருக்கும் உயரத்தையும், முன்விளிம்பிலிருந்து முதுகு வரையுள்ள ஆழத்தையும் அளக்க வேண்டும். இந்த இரண்டில் சிறியது வாசல் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் துண்டு நுழைந்துவிடும். சில வீடுகளில் இரும்புக் கேட்டைக் கீலிலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். அதில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அத்தை வீட்டு அளவில் மூலைத்துண்டுதான் இடித்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் அகலம் குறையாது. மற்ற நான்கும் ஒரு பக்கமாவது ஒடுக்கமானவை. மூலைத்துண்டு சதுரம்.

இன்னோர் அளவையும் எடுத்தோம். மாமா உட்காரும் இடத்தில், தரையிலிருந்து இருக்கையின் மேல்விளிம்பு வரை. 46 சென்டிமீட்டர். அதை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்த இருக்கையின் அடியில் ஒட்டினோம்.

இழுத்தால் வராது, தூக்கினால் வரும்

லாரியோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ஒருவர் புதுக்கோட்டைக்காரர். இந்த வேலையில் ஆறு வருடம். அவர் செய்த முதல் காரியம் மெத்தைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டதுதான். கைப்பேசி விளக்கை அடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

“இதுல முளை இருக்கு, அதுல காடி இருக்கு. ஒரு துண்டை மேல தூக்கினா கழண்டுடும்மா. பக்கவாட்டுல இழுத்தா சட்டம் பிஞ்சுடும்,” என்றார் அத்தையிடம்.

பல சோபாக்களில் இப்படித்தான். ஒரு துண்டின் பக்கத்தில் இரும்பு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த துண்டில் அது உட்காரும் காடி இருக்கும். இணைக்கும்போது மேலிருந்து கீழே இறக்கியிருப்பார்கள். பிரிக்கும்போது கீழிருந்து மேலே தூக்க வேண்டும். இருவர் ஒரு துண்டின் இரு முனையையும் ஒரே சமயத்தில் தூக்க, மூன்றாமவர் பக்கத்துத் துண்டு எழாமல் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் முளைக்குப் பதில் போல்ட்டும் நட்டும் இருக்கும். அவற்றுக்கு ‘எல்’ வடிவ ஆலன் சாவி வேண்டும். அடியில் கறுப்புத் துணி தைத்து மூடியிருந்தால் உடனே கிழிக்க வேண்டாம். துணிக்கு மேலாகக் கையால் தடவினாலே இரும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சாயும் சோபா வைத்திருப்பவர்களுக்கும் அவர் ஒரு வழி சொன்னார். அவற்றின் முதுகைத் தனியாகக் கழற்றலாம். பின்னால் தொங்கும் துணி மடிப்பைத் தூக்கினால் இரண்டு பக்கமும் சின்ன நெம்புகோல் இருக்கும். தட்டைத் திருப்புளியால் இரண்டையும் மேல்நோக்கித் தள்ளிவிட்டு முதுகைத் தூக்கினால் கையோடு வந்துவிடும். மின்சாரத்தில் இயங்கும் வகை என்றால் முதலில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே ஓடும் வயரையும் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

கால்களைக் கழற்றுவது எளிது. பெரும்பாலும் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும். ஆனால் நம் தம்பி ஒரு விஷயத்தைக் காட்டினார். முன்கால்கள் பின்கால்களைவிடக் கொஞ்சம் உயரம். பார்வைக்குத் தெரியாது, பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். மாற்றிப் பூட்டினால் இருக்கை முன்பக்கம் சரியும். மாமாவைப் போல முழங்காலைச் சார்ந்து எழுபவர்களுக்கு அந்தச் சரிவு பெரிய வித்தியாசம். ஒவ்வொரு காலிலும் ‘முன்’, ‘பின்’ என்று எழுதினோம். அந்தந்தத் துண்டின் திருகாணியும் காலும் அந்தந்த ஜிப் பையில். பையை அதே துண்டின் அடியில் ஒட்டியாயிற்று. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் இரவு பத்து மணிக்குப் புது வீட்டுத் தரையில் உட்கார்ந்து பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கும்.

மெத்தைக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். மூன்று வெள்ளி எண்பது காசு, ஒரு பென்சில், கொலுசுத் திருகு ஒன்று, எப்போதோ தொலைந்த தொலைக்காட்சி ரிமோட்டின் மூடி. காசை மாமா வாங்கிக்கொண்டார்.

மூன்று துண்டு, ஒரு துண்டு, ஒரு துண்டு

இப்போது கேள்வி, எந்த மூன்று? புது வீட்டுச் சுவரில் மூன்று இருக்கைக்குத்தான் இடம். மாமாவின் வலக்கை இருக்கை கட்டாயம். இடக்கை இருக்கை மறுமுனைக்கு. நடுவில் கை இல்லாதது ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மூலைத்துண்டை எடுத்துவிட்டால் மீதி மூன்றும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளுமா?

தம்பி கீழே இறக்கும் முன்பே அதைப் பார்த்துவிடச் சொன்னார். கை இல்லாத இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். ஒன்றில் வலப்பக்கம் முளை, இடப்பக்கம் காடி. மற்றதில் இரண்டு பக்கமும் காடி. முதல் துண்டு மாமாவின் இருக்கையோடு மாட்டவே இல்லை. இரண்டாவது ‘டக்’கென்று உட்கார்ந்தது. பழைய வீட்டின் கூடத்திலேயே மூன்றையும் நேராகச் சேர்த்து, மாமாவை உட்காரவைத்து, எழச் சொன்னோம். எழுந்தார். பிறகுதான் மறுபடி பிரித்தோம். ஏதாவது ஒரு துண்டைக் கொடுத்துவிட நினைப்பவர்கள் இதைச் செய்யாமல் கொடுக்க வேண்டாம்.

மிஞ்சியது இரண்டு. மூலைத்துண்டின் அடிச்சட்டம் பல வருட ஈரத்தில் உளுத்திருந்தது. நகர மன்றங்கள் பெரிய பொருள்களை அகற்றித் தருவதுண்டு. எத்தனை பொருள், எந்த நாள் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. தாழ்வாரத்தில் நிறுத்திவைப்பதற்கும் கணக்கு உண்டு. தீ விபத்து நேர்ந்தால் ஆட்கள் வெளியேற 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். அத்தை வீட்டுத் தாழ்வாரத்தில் துண்டுகளைச் செங்குத்தாகச் சுவரோடு சாய்த்து அந்த வழியை விட்டோம்.

கை இல்லாத மற்றொரு துண்டை எதிர்வீட்டு மக்சிக் கேட்டார். அவரும் அதே மாதம் காலி செய்கிறார். அவருடைய மாற்று வீடு வேறு புளோக்கில். பல வருடமாக மாலை வேளைகளில் அத்தை வீட்டுக்கு வந்தால் அவர் உட்காருவது அந்த இருக்கையில்தான். காசு கொடுக்க வந்தார், அத்தை வாங்கவில்லை. “நீ உக்கார்ற இடம்தானே, எடுத்துட்டுப் போ” என்பதை அத்தை மலாயில் சொன்னார். மக்சிக் சிரித்துவிட்டு உள்ளே போய், ஒரு டப்பா நிறைய குவே கொண்டுவந்து கொடுத்தார்.

குரல் மாறிய கூடம்

மாமாவின் துண்டு மின்தூக்கியில் நுழையாது. படிதான். முதுகுப்பக்கம் முன்னால் போக, ஆழமான பக்கத்தை நிமிர்த்தி, திருப்பத்தில் கொக்கி போடுவதுபோல் வளைத்துத் திருப்பினார்கள். கீழே இருப்பவர்தான் பாரம் முழுவதையும் தாங்குவார். மேலே இருப்பவர் திசை சொல்வார். இருவரில் ஒருவர் மட்டும் பேச வேண்டும் என்பது அவர்கள் வைத்திருந்த விதி. அறிவிப்புக் கூடத்திலும் எங்களுக்கு அதே விதிதான்.

போர்வையால் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். தோல் சோபா வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக்கை நேராகத் தோலின்மேல் இறுக்கிச் சுற்றி நாள்கணக்கில் விட வேண்டாம். நம் ஊர் வெக்கையில் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கடைசித் துண்டும் போன பிறகு அத்தை கூடத்தின் நடுவில் நின்று, “விளக்கு ஸ்விட்ச் எல்லாம் பாத்துட்டியா?” என்றார். உடனே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன, என் குரல் இப்படிக் கேக்குது?”

எனக்குத் தொழில் முறையில் தெரிந்த விஷயம் அது. ஒலிப்பதிவு அறையின் சுவர்களுக்கு நாங்கள் மெத்தை போடுவது எதற்காகவோ, அதையே ஒவ்வொரு வீட்டிலும் சோபாவும் திரைச்சீலையும் செய்கின்றன. பேச்சு சுவரில் மோதித் திரும்பாமல் பஞ்சு விழுங்கிக்கொள்ளும். சோபா போனால் கூடம் நம் குரலை நமக்கே திருப்பித் தரும். அத்தைக்கு அதை விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அந்த வீட்டில் சத்தமாகப் பேசவில்லை.

ஒரே பேட்டைக்குள்

லாரி பத்து நிமிடத்தில் டாசன் வந்துவிட்டது. உயர்ந்த புளோக்குகள், நடுவில் மரங்கள், பளபளக்கும் மின்தூக்கி. மூன்று துண்டும் கீறலின்றி உள்ளே நுழைந்தன. பூட்டுவது கழற்றுவதன் தலைகீழ் வரிசைதான். முதலில் கால்கள், மறை ஏறாமல் நேராக. பிறகு சுவரோரத் துண்டை இடத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை மேலிருந்து இறக்க வேண்டும். மாட்டிக்கொண்டதா என்று பார்க்க இருக்கையை ஒருமுறை பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சேர்ந்து அசைந்தால் சரி.

அளவுநாடாவை வைத்துப் பார்த்தோம். 46 சென்டிமீட்டர் வரவில்லை, 45தான் வந்தது. ஒரு காலில் அடி ரப்பர் கழன்று பழைய வீட்டிலேயே விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தோம். தம்பி தேடிப் பார்த்தார். அந்தக் காலின் ஜிப் பையிலேயே ஒரு மூலையில் கிடந்தது. ஒட்டினார். 46.

பழைய வீட்டில் மாமாவின் இருக்கையிலிருந்து ஒரு காலத்தில் ரயில் தெரிந்தது. இங்கே தெரிவது எதிர்ப் புளோக்கின் தாழ்வாரமும் அதில் உலரும் துணியும். அதில் அவருக்கு ஒன்றும் குறையில்லை என்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பேருந்து ஏறி முனீஸ்வரர் கோயிலுக்குப் போய்வருகிறார்கள். மக்சிக்கின் புளோக் மூன்று நிமிட நடை. தாழ்வாரத்தின் எதிர்க்கதவு இப்போது மூன்று நிமிடம் தள்ளிப்போயிருக்கிறது. முதல் மாதம் இரண்டு பேருமே அதிகம் நடக்கவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து அத்தை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே போய் எந்த இருக்கையில் உட்காருகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் போயிருந்தபோது அத்தை அங்கே போயிருந்தார். அழைப்பு மணியை அடித்துவிட்டு வாசலில் காத்திருந்தேன். கையை ஊன்றும் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு. பிறகு மெல்ல நடந்துவரும் செருப்புச் சத்தம். கதவை மாமாவே வந்து திறந்தார்.